சூப்புக்கு ஒத்திகை

"மறுபடியும் தப்பு!" என்று மேசையைத் தட்டினார் ஹார்கின்ஸ். நியூயார்க்கின் பெரிய மாளிகை ஒன்றில் முப்பது வருஷமாகப் பட்லராக இருப்பவர். "கரண்டியை வெளிப்பக்கம் தள்ளாதீங்க தம்பி, உங்க பக்கம் இழுங்க. சத்தம் விஷயத்துலயும் கவனம். இல்லேன்னா பொண்ணோட அப்பா உங்க தராதரத்தை ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாரு."

பிரெஸ்காட்டுக்கு வியர்த்தது. "கண்டுபிடிச்சா?"

"டெஸ்ஸியை மறந்துட வேண்டியதுதான். உங்களை மாதிரி ஆளுங்கன்னாலே அவருக்கு ஆகாது."

ஞாயிறு மதியம் புரூக்ளினில், டெஸ்ஸியின் அப்பா டூலன் தன் கையாலேயே சூப் பரிமாறினார். பிரெஸ்காட் கரண்டியைத் தன் பக்கம் இழுத்து, ஹார்கின்ஸ் சொல்லிக்கொடுத்தபடியே தெருமுனை வரை கேட்கும்படி உறிஞ்சினான்.

டூலனின் கண்கள் கலங்கிவிட்டன.

"வயிறாரச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சுப்பா?" என்று இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். "கவலைப்படாதே மாப்ளே. நான் டிராம் ஓட்டுற கம்பெனியிலயே உனக்கும் ஒரு கண்டக்டர் வேலை கேட்டுப் பாக்கறேன். முதலாளி வடிகட்டின கஞ்சன்தான். ஆனா கால்ல விழுந்தா குடுத்துடுவான்!"

வடிகட்டின கஞ்சனுக்குப் புரையேறியது.