எஸ்டோனியா மேதை

"திருட்டு, மிஸஸ் கீகன்! பட்டப்பகல் திருட்டு!"

லோர்க்கன் டஃபி போட்ட சத்தத்தில் தேவாலயக் கூடத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன.

இசைவிழாக் குழுவின் செயலாளர் அட்ராக்டா கீகன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கச்சேரிக்கு வருகிறவர்களுக்காக முட்டை சாண்ட்விச்சை முக்கோணமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"தள்ளி நின்னு கத்து. சாண்ட்விச்ல தெறிக்குது."

"எஸ்டோனியா மேதை ஹெய்னோ தாம்லான்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கீங்களே, இது அவன் எழுதினதே இல்ல. என்னுது! ஒரு ஸ்வரம் மாறல. தலைப்பை மட்டும் மாத்தியிருக்கான்."

அயர்லாந்தின் சிற்றூரான அந்தப் பாலினகாராவில் லோர்க்கனை எல்லோருக்கும் தெரியும், கல்யாண வாத்தியக்காரனாக. ஆளைவிட உயரமான டபுள் பாஸ் தந்தி வாத்தியத்தை வேனில் படுக்கவைத்துக் கொண்டுபோவான். குடித்துவிட்டு ஆடுகிறவர்களுக்குத் தாளம் தப்பாமல் அடித்தந்தியை மீட்டிவிட்டு வருவான்.

அவன் டப்ளினில் முறையாகப் படித்த இசையமைப்பாளன் என்பது அவனுக்கும் தபால்காரருக்கும்தான் தெரியும். வருஷா வருஷம் உள்ளூர் இசைவிழாவுக்குத் தன் படைப்பை அனுப்புவான். வருஷா வருஷம் அட்ராக்டா கையெழுத்துப் போட்டு மறுப்பு வரும்.

போதும்டா சாமி என்று, ஆஸ்திரேலியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்க் கட்டட வேலை பார்ப்பதாக முடிவு செய்துவிட்டான். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அந்த நேரத்தில்தான், டப்ளின் குழுவோடு வரவேண்டிய பாஸ் கலைஞருக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது என்று அட்ராக்டா கூப்பிட்டார். கடைசியாக ஒரு தடவை என்று வந்தான்.

ஒத்திகையில் இசைத்தாளைப் புரட்டினால், கண் படிப்பதற்குள் விரல் தானாகப் போய் நிற்கிறது!

"உங்க குழு வேணாம்னு தூக்கிப் போட்டதை இப்ப அவன் பேர்ல வாசிக்கணுமா? இப்பவே தலைவர்கிட்ட போறேன்."

"போனா உன்னை வெளிய தள்ளிட்டுக் கச்சேரியை ரத்து பண்ணுவார். பேசாம வாசிச்சு முடி. அப்புறம் மைக் பக்கத்துலதானே இருக்கும்?"

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"அந்த வெண்ணெயை இப்படித் தள்ளு."

இந்தப் பொம்பளை கல் என்று நினைத்துக்கொண்டே மேடைக்குப் போனான் லோர்க்கன்.

குழுத் தலைவர் கார்னீலியஸ் பிரன்டி, வீடு நிலம் ஏலம் விடுகிறவர், மைக்கில் முழங்கினார்.

"தாம்லாவை நான் பல வருஷமா கேட்டுட்டு வர்றேன். போன வருஷம்கூட எஸ்டோனியாவுல, டாலின் நகரத்துல சந்திச்சேன், என் கையைப் பிடிச்சவர் விடவே இல்ல! இந்த மாதிரி இசை நம்ம ஊர்ல பிறக்குமா? நம்ம பசங்க கல்யாணத்துல வாசிக்கத்தான் லாயக்கு."

கூட்டம் லோர்க்கனைப் பார்த்துச் சிரித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வில்லை எடுத்தான்.

வாசிக்க ஆரம்பித்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுதிய நாளிலிருந்து தலைக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது வெளியே கேட்டது. நாலு வாத்தியங்கள் பின்னால் வர, பாஸ் அடிவயிற்றிலிருந்து விம்மியது. முடிந்ததும் கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

பிரன்டி கண்ணைத் துடைத்தபடி மேடையேறினார். "கேட்டீங்களா? எஸ்டோனியாவோட பனி! சொட்டுச் சொட்டா..."

லோர்க்கன் மைக்கைப் பிடுங்கினான்.

"அது பனி இல்ல சார். தின்னீனோட மீன் வறுவல் கடை மாடியில என் கூரை ஒழுகி, வாளியில சொட்டின மழைத்தண்ணி. இதை எழுதினவன் நான்."

"உளறாதே! ஆதாரம் எங்க?"

"நான் குழுவுக்கு எழுதி அனுப்பினது பாதிதான். மீதியைக் கேளுங்க."

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். விட்ட இடத்திலிருந்து ராகம் தொடர்ந்தது, வளர்ந்தது, வந்து சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தது.

டப்ளினிலிருந்து வந்திருந்த செல்லோ வாத்தியப் பெண் எழுந்துவிட்டாள். "இந்தப் பாகம் எங்க தாள்ல இல்ல. இல்லாதது இப்பதான் புரியுது. வேற ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

"ஒரு பெட்டி நிறைய."

"பெட்டியோட டப்ளினுக்கு வாங்க. நாங்க வாசிக்கிறோம்."

பிரன்டி ஒரு கணம்தான் தடுமாறினார். அடுத்த கணம் லோர்க்கனை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நம்ம ஊர்ப் பிள்ளை! நான் ஆரம்பத்துலேயே சொன்னேன்! அட்ராக்டா, நாளைக்கே எஸ்டோனியா தூதரகத்துக்கு எழுதுங்க. அந்தத் திருடனை விடக்கூடாது!"

"எழுதறேன் சார்" என்றார் அட்ராக்டா.

கூட்டம் கலைந்தது. கைகுலுக்கிக் குலுக்கிக் களைத்துப்போன லோர்க்கன் தேநீர் மேசைக்கு வந்தான்.

"ஆஸ்திரேலியா போகல. அக்காவுக்குச் சொல்லிட்டேன். ஆனா அந்தத் தாம்லா ஒரு நாள் என் கையில சிக்கணும். தாடையைப் பேத்துடுவேன்!"

அட்ராக்டா சுற்றுமுற்றும் பார்த்தார். அவன் கோப்பையில் தேநீரை ஊற்றினார்.

"உள்ளூர் தபால் முத்திரை இருந்தா பிரன்டி உறையைப் பிரிக்கவே மாட்டார்டா. அவர் பிரிக்கணும்னா வெளிநாட்டுப் பேர் ஒண்ணு தேவைப்பட்டுது" என்றவர், கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். "அடிக்கிறதா இருந்தா இந்தப் பக்கம் அடி. அந்தப் பக்கம் பல்செட்டு."