சிவப்பு மேசைக்கு வந்த முதல் ஆள்

"ஏம்மா, குடிகாரங்க வரிசை இதானா?"

காலை பத்து மணிக்கே தள்ளாடிக்கொண்டு வந்து நின்றார் ரங்கன்.

ஏரித்தீவான பசியாவரத்தின் கரையே சிரித்தது. சுபஸ்ரீக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

குடிப்பழக்கத்தில் மரபணுவின் பங்கு என்ன என்று ஆராய இளம் விஞ்ஞானிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி. சுபஸ்ரீக்கு அதன் கடைசித் தேர்வு இது. குடிப்பவர்கள் இருபது பேர், தொடாதவர்கள் இருபது பேர். இவர்களிடம் எச்சில் மாதிரி வாங்கிக்கொண்டு மதியம் இரண்டு மணிக்குள் படகு ஏற வேண்டும். முடித்துக் காட்டினால்தான் அடுத்த வருடம் சொந்த ஆய்வு.

இரண்டு மேசை போட்டிருந்தாள். தொடாதவர்களுக்கு நீல ஸ்டிக்கர், குடிப்பவர்களுக்குச் சிவப்பு.

"ரெண்டு மேசை வேணுமா?" என்று பயிற்சியாளர் ஜமுனா ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"வேலை சீக்கிரம் முடியும் மேடம்."

ஏரியில் மீன் பிடிக்க அன்று பக்கத்து ஊர்க்காரர்களின் முறை. அதனால் பசியாவரத்து ஆண்கள் எல்லாரும் கரையில்தான் இருந்தார்கள். அத்தனை பேரும் நீல வரிசையில். எதிரே அவரவர் மனைவிமார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன செய்வார்கள்?

முதல் ஆளாக, நெற்றி நிறைய விபூதியோடு வந்து மாதிரி கொடுத்துவிட்டுப் போனவன் பிரகாஷ்.

"இந்த ஊர்ல யாருமே குடிக்க மாட்டீங்களா?" என்று அவனிடம் கேட்டாள்.

"தாகத்துக்குக்கூட யோசிச்சுதான் குடிப்போம் மேடம்."

ஒரு மணி நேரமாகச் சிவப்பு மேசையில் ஈ ஓட்டியவளுக்கு முதலில் கிடைத்தவர் இந்த ரங்கன். அவரும் நிற்க முடியாமல் ஆடுகிறார்.

"மன்னிக்கணும் ஐயா. போதையில இருக்கறவங்ககிட்ட கையெழுத்து வாங்கக் கூடாது."

"இன்னாது, போதையா? நேத்து சாயங்காலம் அடிச்சது. இப்ப தெளிவா கீறேன். பாக்கிறியா?"

மணலில் கிடந்த படகுக் கழிமேல் ஏறினார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கால் பிசகாமல் நடந்து, இறங்கி, ஊருக்கு ஒரு கும்பிடு போட்டார். விசில் பறந்தது.

அவர் மனைவி முத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஊர் பார்க்க அழ வைத்துவிட்டாரே இந்த மனுஷர் என்று சுபஸ்ரீக்கு ஆத்திரமாக வந்தது.

படிவத்தை எடுத்தாள்.

"எத்தனை வயசுல ஆரம்பிச்சீங்க?"

"பால்குடி மறந்ததும்."

"ஐயா!"

"சரி, பதினெட்டுன்னு போட்டுக்கோ."

"ஒரு நாளைக்கு எவ்ளோ?"

ரங்கன் நீல வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "டேய், எவ்ளோடா சொல்லலாம்?"

"குவார்ட்டர்!" என்றான் வரிசையில் ஒருவன்.

"குவார்ட்டர் இன்னாத்துக்கு ஆவும்? ஆஃப்னு எழுதிக்கம்மா!" என்றார் ரங்கன்.

எழுதிக்கொண்டாள். ரங்கன் கையெழுத்துப் போட்டு, டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தார். வாடையே இல்லை. நன்றாக வாய் கொப்பளித்துவிட்டு வந்திருக்கிறார் போலும்.

"நானே நின்னுட்டேன். உங்களுக்கு இன்னாடா கேடு?" என்று வரிசையைப் பார்த்து அதட்டினார்.

ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டே சிவப்பு மேசைக்கு வந்தான். அவன் பின்னால் இன்னொருவன்.

"ரங்கண்ணனே குடிகாரன்னா, நாமல்லாம் இன்னாடா?" என்று சிரித்தபடி மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள்.

"அப்டி வா வழிக்கு!" என்று பெண்கள் பக்கமிருந்து பச்சையம்மா கத்தினாள். "எவ்ளோன்னு சரியா சொல்லுய்யா, நானும் தெரிஞ்சிக்கிறேன்!"

ஒன்றரை மணிக்கு நீலத்திலும் இருபது, சிவப்பிலும் இருபது. சுபஸ்ரீக்குக் குதிக்கலாம்போல இருந்தது.

ஆனால் திரும்பப் படகு தள்ள வந்தது ரங்கன். அவள் படகுப் பலகையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அக்கரைப் பழவேற்காட்டில் சாமான் வாங்க முத்தம்மாளும் ஏறிக்கொண்டாள்.

மனசு கேட்காமல் சுபஸ்ரீ ஆரம்பித்தாள். "ஐயா, உங்களுக்காக இல்லாட்டியும் இவங்களுக்காகவாவது குடியை விடுங்க. மனசு வச்சா முடியும்."

ரங்கன் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார். "நீ சொல்லிட்ட இல்ல? இன்னியோட விட்டுட்டேம்மா."

முத்தம்மாளால் இந்த முறை அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள்.

ஏன் என்று சுபஸ்ரீ கேட்பதற்குள் கரையிலிருந்து குரல். இடுப்பளவு தண்ணீரில் பிரகாஷ் ஓடி வந்துகொண்டிருந்தான். நெற்றி விபூதி வேர்வையில் பாதி கரைந்திருந்தது.

"மேடம், நில்லுங்க! என் ஸ்டிக்கரை மாத்துங்க. எனக்குத்தான் செவப்பு!"

"உங்களுக்கா?"

"ஆமா மேடம். காலைல பொய் சொல்லிட்டேன். மனசு அறுக்குது. என் நீலத்தைப் பிச்சு ரங்கண்ணனுக்கு ஒட்டுங்க. அவரு பொறந்ததுலேந்து ஒரு சொட்டு தொட்டதில்ல!"

சுபஸ்ரீ திரும்பினாள். நாலு விரல் அகலம்கூட இல்லாத படகு விளிம்பில், துளியும் ஆடாமல் நடந்து நடந்து கழி ஊன்றிக்கொண்டிருந்தார் ரங்கன்.

படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜமுனா இரண்டு புதுப் படிவங்களை நீட்டினார். "ரெண்டு பேர்கிட்டயும் முதல்லேந்து கேட்டு எழுது. அடுத்த ஊர்ல ஒரே மேசை."

சுபஸ்ரீயின் முகம் சிவந்தது. "பின்ன ஏன் ஐயா அந்த மேசைக்கு வந்து நின்னீங்க?"

"எங்க ஏரில முதல் வலைக்கழி நான் நட்டாத்தாம்மா மத்தவன் வலை கட்டுவான்" என்றார் ரங்கன். "அந்தப் பழக்கம்."