நல்ல ரிப்போர்ட்

மெஷின் பொய் சொல்லுமா என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

துக்கம் விசாரிக்க வந்த ரூபன் உட்காரவே இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் இதே வீட்டில்தான் அவள் கணவரின் நெஞ்சில் பட்டை கட்டி, மூக்கில் குழாய் வைத்து, விரலில் கிளிப் மாட்டினான். ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க மாட்டேன் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். அதனால் தூக்கத்தைச் சோதிக்கும் மெஷின் வீடு தேடி வந்தது. எப்போதும்போலத் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டு, காலையில் வந்து கழற்றிக்கொண்டு போனான்.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. மூச்சுத் தடை பெரிதாக ஒன்றுமில்லை.

அதை நம்பித்தான் மகளின் இரண்டாவது பிரசவத்துக்கு அவள் திருப்பூர் போனாள்.

ஐந்தாம் நாள் காலையில் பால்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். யாரும் திறக்கவில்லை. கணவர் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

மெஷினை இரண்டு தடவை சோதித்துவிட்டதாகவும் அதில் பழுதே இல்லை என்றும் ரூபன் சொன்னான். பிறகு தயங்கித் தயங்கி, அந்த ராத்திரி எப்படிப் போனது என்று கேட்டான்.

சொல்ல என்ன இருக்கிறது? கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். அவர் குறட்டையைத் தெருவே கேலி செய்யும். அவளுக்கு அது தாலாட்டு. குறட்டை நின்றால்தான் விழிப்பு வரும். தோளில் ஒரு தட்டு. அவர் புரண்டு படுப்பார், மூச்சு திரும்பும். பாதித் தூக்கத்திலேயே கை தானாகப் போகும்.

"அன்னைக்கும் தட்டுனீங்களாம்மா?"

"தட்டாம? எப்பவும்போலத் தூங்கச் சொன்னீங்களே தம்பி."

ரூபன் தரையைப் பார்த்தான்.

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

விடிய விடிய அவர் மூச்சை நிற்கவிடாமல் காத்தது அவள் கை. மெஷினுக்கு அது எப்படித் தெரியும்? அவள் ஊருக்குப் போனபோது கையும் கூடவே போய்விட்டது.

உள்ளறையிலிருந்து மகள் சுகந்தி கைக்குழந்தையோடு வந்தாள். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அப்பா இருந்திருப்பார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பால் கொடுக்கிறவள் ஒழுங்காகச் சாப்பிட்டே ஒரு மாதமாகிறது.

அப்பாவுக்கு என்னதான் ஆச்சு என்று ரூபனிடம் கேட்டாள்.

அவன் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மகளின் முகத்தை.

"மெஷின் கோளாறும்மா. நான்தான் சரியாப் பாக்கல."

சுகந்தி வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கினாள். நீ நல்லா இருப்பியா என்று கேட்டாள். அவன் தலை குனிந்து நின்று வாங்கிக்கொண்டான். ஒரு மாதமாக வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

தாய் குழந்தையை வாங்கிக்கொண்டாள். மகளைத் தடுக்கவில்லை.