தூணில் ஒரு பெயர்

ராஜாக்கள் ஆண்ட பழைய தலைநகரத்தைப் பார்த்தே தீருவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றதால்தான், அந்த இரண்டு நாள் பயணத்துக்கு அவர் தலையாட்டினார்.

அரண்மனைச் சுவரெல்லாம் கிறுக்கல்.

"இவனுங்க விரலை ஒடிக்கணும்!" தடித்த கண்ணாடியைத் துடைத்தபடி பொரிந்து தள்ளினார்.

வழிகாட்டி சிரித்தார். "வாங்க சார், அரசவை மண்டபத்தைப் பாப்போம்."

அங்கே மூன்றாவது தூணருகே மனைவி நின்றுவிட்டாள். "ஏங்க, இந்தப் பேரைப் பாருங்க. எவ்வளவு ஆழமா கீறியிருக்கான்!"

"நேரமாச்சு, நட," என்றார் அவர், தூணைத் திரும்பியும் பாராமல்.

"அது என் பேருதாம்மா," என்றார் வழிகாட்டி. "பள்ளிக்கூடத்துல சுற்றுலா வந்தப்போ, கூடப் படிச்சவன் ஒருத்தன் விளையாட்டுக்குக் காம்பஸால கீறிட்டான். வாத்தியார் பேரைப் பாத்துட்டு என்னை வெளுத்து வாங்கிட்டாரு. பள்ளிக்கூடத்தை விட்டும் அனுப்பிட்டாங்க."

"அடப்பாவமே! செஞ்சவன் வாயே தொறக்கலையா?"

"இல்லம்மா. நல்லாப் படிக்கிற பையன், பயந்துட்டான்."

அதற்குள் அவர் வெளிவாசலுக்கு நடையைக் கட்டியிருந்தார்.

மனைவியும் மகளும் செருப்பு எடுக்கப் போனார்கள். வழிகாட்டி பார்வையாளர் பதிவேட்டை விரித்துப் பேனாவை நீட்டினார். "பேர் எழுதணும் சார்."

அவசரமாக வாங்கிக்கொண்டு குனிந்தார். காதருகே வழிகாட்டியின் குரல் தணிந்து கேட்டது.

"இந்தத் தடவையாவது உன் பேரை எழுதுடா, சோடாபுட்டி."

சற்றுமுன் அவர் ஒடிக்கச் சொன்ன விரல்கள் அவருடைய பெயரை எழுதத் தொடங்கின.