பெனிஸ்டன் சாரின் கடற்கரைப் பயணம்

தருவைகுளத்துக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

ஷெர்லிக்கு ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

இதே உப்பளச் சாலையில் கார் ஓட்டப் பழகியபோது, சொல்லிக்கொடுக்க வந்தவரையும் சேர்த்துப் பாத்திக்குள் இறக்கிவிட்டதை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மனிதர் மாவில் புரட்டிய மீன்போல எழுந்து நின்றாராம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

காலை எட்டு மணியிலிருந்து அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். பக்கத்து இருக்கையில் பெனிஸ்டன் சார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

சென்னையில் ஒரு சுற்றுலா கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. ஷெர்லி வகுத்த இந்த ஒருநாள் பயணம் பிடித்துப்போனால் வாரம் இரண்டு முறை ஆட்களை அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால், சாத்தான்குளத்தில் விட்டுவந்த டீச்சர் வேலையைக் கேட்டு அவள் திரும்பப் போய் நிற்க வேண்டும்.

காலையில் தூத்துக்குடி ஸ்டேஷனுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் வந்து ஒரு மணி நேரம் ஆகியும் ஆளைக் காணவில்லை. கம்பெனி கொடுத்த நம்பர் அணைந்து கிடந்தது. பிளாட்பாரம் காலியான பிறகு, பெஞ்சில் ஒற்றைப் பையோடு ஒருவர் மட்டும் மிஞ்சியிருந்தார். அறுபது வயது இருக்கும். அவள் சிரித்துக்கொண்டே போய், பெனிஸ்டன் சாரா என்று கேட்டாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கறாரான ஆள் என்று அப்போதே நினைத்துக்கொண்டாள்.

கொற்கையில் வயலுக்கு நடுவே காரை நிறுத்தினாள். பாண்டியனின் முத்து இங்கிருந்துதான் கப்பலேறியது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து போட்டுப் போட்டுக் கடலை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது என்றாள். அவர் நெல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். போன கடல் திரும்ப வருமா என்று கேட்டார். அன்று முழுவதும் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். வராது சார் என்று சிரித்தாள்.

காயல்பட்டினத்தில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். இரண்டு துண்டையும் சாப்பிட்டு முடித்தார். மனசுக்குள் பத்து மார்க் போட்டுக்கொண்டாள்.

மணப்பாட்டில் மணல் குன்றின் மேல் கோவிலுக்கு ஏறியபோது காற்று அவள் துப்பட்டாவைப் பறிக்கப் பார்த்தது. கீழே கடல் நீலமும் பச்சையுமாகப் புரண்டது. நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள்; இன்றைக்கும் கத்த வேண்டும்போல இருந்தது. அங்கே பயணிகளுக்குச் சமைத்துப்போடும் பிலோமி அக்கா வீட்டுச் சாப்பாட்டில் அவர் சீலாமீன் குழம்புக்கு மூன்றாவது தடவை சோறு கேட்டார். அதற்கு இருபது மார்க்.

திரும்பும் வழியில் தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கினார்கள். இப்போது இந்தச் சிரிப்பு.

தேறிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தருவைகுளம் கரையில் படகுகள் அப்போதுதான் வந்திருந்தன. மீன் ஏலச் சத்தம் காருக்குள் வரைக்கும் கேட்டது. அவள் ஓரமாக நிறுத்தியபோது போன் அடித்தது. பேச்சு கார் ஸ்பீக்கரில் வந்தது.

பெனிஸ்டன் பேசுவதாக ஒரு இளைஞனின் குரல் சொன்னது. நேற்று காய்ச்சலில் ரயிலேற முடியவில்லை. போனையும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டான். மன்னிக்கணும், நாளைக்கு அதே ரயிலில் வரலாமா என்று கேட்டான்.

வாங்க என்றாள்.

போன் நின்றது. அவள் கை தன்னால் கதவுப் பிடியில் போய் நின்றது. காலையிலிருந்து யாரோடு சுற்றிக்கொண்டிருக்கிறாள்?

அவர் மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என் பேரு சபாபதி. மன்னிச்சிடும்மா. என் பையன் இங்க ஹார்பர்ல வேலை பாக்கறான். வரேன்னு மெசேஜ் போட்டிருந்தேன். அவன் ஸ்டேஷனுக்கு வரல. நீ சிரிச்சிக்கிட்டே வந்த. இல்லன்னு சொல்ல மனசு வரல."

இறங்கி பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னார். ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறதாம்.

ஷெர்லிக்குக் கோபம் வந்தது. முதலில் அவர்மேல். அப்புறம், முகம் தெரியாத அந்தப் பையன்மேல்.

"பெத்த தகப்பன் வாராருன்னு தெரிஞ்சும் ஒருத்தன் வராம இருப்பானா?"

அவர் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பையன் தூத்துக்குடிப் பெண்ணைத்தான் கட்டினான். நான்கு வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லி, இதே ரயிலில் டிக்கெட் போட்டு, எழும்பூரில் ஏறியும் உட்கார்ந்துவிட்டார். வண்டி கிளம்பும் நேரத்தில் என்னவோ தோன்றி இறங்கிவிட்டார். போன் செய்து சொல்லவும் இல்லை. காலையில் பையன் கல்யாண உடுப்போடு ஸ்டேஷனில் நின்றிருக்கிறான். ரயில் வந்தபின் கடைசிப் பெட்டி வரைக்கும் ஏறித் தேடியிருக்கிறான். அதைப் பின்னால் யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

வெளியே மீன் ஏலம் இன்னொரு கூடைக்கு மாறியது.

பயணத்தில் இன்னும் வேம்பார் பாக்கி இருந்தது. ஷெர்லி காரைத் திருப்பித் தூத்துக்குடி பக்கம் விட்டாள்.

"வீடு எங்கன அண்ணாச்சி?"

நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடப் போகாத வீட்டை, கதவு எண், தெரு, முனையில் இருக்கும் பால் கடை வரைக்கும், அவர் ஒரே மூச்சில் சொன்னார்.