வீடு திரும்பிய வீரர்

கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்த கணவரின் முகம் கறுத்தது. “என்ன இது, இப்படி மழுங்கிக் கிடக்கு?”

போர் முடிந்து நேற்றுத்தான் வீடு திரும்பியிருந்தார். வந்ததிலிருந்து அவளிடம் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்படியைத்தான் குடைந்துகொண்டிருந்தார்.

அவர் ஓட்டிய பஸ் அது. ஆண்களெல்லாம் போருக்குப் போனதும் டிப்போவில் ஸ்டியரிங் பிடிக்க ஆளில்லாமல் பெண்களைக் கூப்பிட்டார்கள்; அவர் வண்டி அவள் கைக்கு வந்தது. வந்த புதிதில் டிப்போ சுவரையே பெயர்த்தவள், இப்போது சந்தைத் தெரு வளைவில் ஒரு சைக்கிளையும் உரசாமல் திருப்புவாள்.

“உன் வீட்டுக்காரர் கேட்டா வண்டி அவருக்குத்தாம்மா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கேட்டுச் சொல்லிடு” என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார்.

போதாததற்குக் கண்டக்டர் அக்கா வேறு. “எங்க வீட்டு மகராசன் வந்ததும் வராததுமா என் விசிலைப் பிடுங்கி அலமாரியில வெச்சுப் பூட்டிட்டாரு. உனக்கும் அதே கதிதான், பாத்துக்கிட்டே இரு!”

“வெங்காயத்தை இப்படியா நறுக்குவாங்க? ஒண்ணு யானை, ஒண்ணு எறும்பு!” கணவர் விடுவதாயில்லை.

“வண்டிக்கு நேரமாச்சு. அவசரத்துல நறுக்கினேன்.”

“ம்” என்று குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். “இதுல உப்புமில்ல, உறைப்புமில்ல.”

குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனுஷர் இவர். போர்முனையில் என்ன பாடுபட்டாரோ, கையெல்லாம் சூட்டுத் தழும்பு. பீரங்கி சுட்டதா என்று கேட்டால் பேச்சை மாற்றினார். ஆனால் ஆள் மட்டும் போனதைவிடக் கொஞ்சம் பூசினாற்போல்தான் வந்திருந்தார்.

இனி பொறுப்பதற்கில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்டியும் கையுமாக அவர் முன்னால் போய் நின்றாள்.

“நான் வண்டிய விட மாட்டேன். அதுல ஏறி உக்காந்தப்பதான் நானும் ஒரு ஆளுன்னு எனக்கே தெரிஞ்சுது. நீங்க என்ன குதிச்சாலும் சரி, மறுபடி இந்தப் புகையில வந்து என்னால கிடக்க முடியாது.”

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கணவர் மூடியை ‘டங்’கென்று வைத்தார். “பேசி முடிச்சாச்சா? இனிமே இந்த வீட்டுல நான் வெச்சதுதான் சட்டம். கேட்டுக்கோ.”

அவள் கையிலிருந்த கரண்டியை வெடுக்கென்று பிடுங்கினார்.

“ஒரு பட்டாளத்துக்கே பொங்கிப் போட்டவன் நான். நாளையிலேருந்து நீ இந்த அடுப்படிப் பக்கமே தலைகாட்டக் கூடாது!”