எச்சில் பட்ட பதக்கம்

பனிச்சறுக்கு மலையின் அடிவாரத்து மதுக்கடையில் பெஞ்சின் மேல் ஏறி என் கணவன் ஃப்ளோரியான் ஆடிக்கொண்டிருக்கிறான். கனத்த சறுக்குக் காலணிகள் பலகையில் தடதடவென்று இடிக்கின்றன. சாயங்கால வெயில் சிகரத்துக்கு ஏறிவிட்டது. கீழே சிந்திய பீரும், நனைந்த கம்பளியும், உருகிய பாலாடைக்கட்டியும் கலந்த வீச்சம் அடிக்கிறது. நேற்று இன்ஸ்ப்ரூக் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தையில் மகள் வெரோனிகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, "நாளைக்கு உன் பந்தயம் முடியற இடத்துல அப்பா நிப்பேன்டி கண்ணு" என்றவன் இவன்தான். இன்று அங்கே நான் மட்டும்தான் நின்றேன். வெரோனிகா வந்து சேர்ந்ததும் என்னைத் தாண்டி அப்பாவைத்தான் தேடினாள். இப்போது பந்தய எண் அட்டையைக்கூடக் கழற்றாமல், கழுத்தில் பதக்கத்தோடு என் பக்கத்தில் நிற்கிறாள்.

"அட, வந்துட்டாளே என் சாம்பியன்! குடு, குடு!" குனிந்து பதக்கத்தை உருவித் தன் கழுத்தில் மாட்டிக்கொள்கிறான். ஜெயித்தவர்கள் செய்வதுபோல் அதைப் பல்லால் கடித்து, நண்பர்களின் கைப்பேசிகளைப் பார்த்து இளிக்கிறான். கடையே கைதட்டுகிறது.

"போதும், இறங்கு. புள்ளைகிட்ட அதைக் குடு."

"பண்டிகை நாள்ல என்ன மூஞ்சி இது, செல்லம்?" ஏப்பம் விட்டபடி பதக்கத்தைக் கழற்றி மகளிடம் நீட்டுகிறான். அதன் விளிம்பில் பாலாடைக்கட்டி இழையொன்று எச்சிலோடு தொங்குகிறது.

வெரோனிகா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

"நீயே வச்சுக்கப்பா. எச்சி."

எல்லோரும் சிரிக்கிறார்கள், அவனும்தான். வாங்க ஆளில்லாமல் பதக்கம் அவன் விரலில் ஆடிக்கொண்டிருக்கிறது.